படிக்க மட்டும்: போஸ்ட்கிரெஸ் எம்சிபி ப்ரோவும் அதற்காக நான் எழுதிய அகராதியும்

கோயம்புத்தூரில் பம்ப்செட் சர்வீஸ் சென்டர்களுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் ஆவணம் எழுதுவது என் வேலை. பதினான்கு வருடமாக மனிதர்களுக்காக எழுதி வந்தேன். ஜாப் கார்டு எப்படிப் போடுவது, உதிரிபாகத்தை ஸ்டாக்கிலிருந்து எப்படிக் கழிப்பது, தப்பாகப் போன ஜிஎஸ்டி பில்லை எப்படித் திருத்துவது என்றெல்லாம். கடந்த எட்டு மாதமாக ஏஐ ஏஜென்டுக்கும் சேர்த்து எழுதுகிறேன். அந்த ஏஜென்ட், போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் இருக்கும் எங்கள் டேட்டாபேஸைப் பார்த்துப் பதில் சொல்வதற்கு நாங்கள் வைத்திருக்கும் கருவியின் பெயர் போஸ்ட்கிரெஸ் எம்சிபி ப்ரோ. இந்த விமர்சனம் அதைப் பற்றியது. ஆனால் கருவியை மட்டும் தனியாகப் பிரித்து மதிப்பெண் போட என்னால் முடியவில்லை. அதன் பக்கத்தில் நாம் என்ன எழுதி வைக்கிறோம் என்பதைப் பொறுத்து அது கெட்டிக்கார உதவியாளராகவும் இருக்கிறது, நம்பிக்கையோடு தப்புக் கணக்குச் சொல்லும் ஆளாகவும் இருக்கிறது. இரண்டையும் நான் பார்த்துவிட்டேன்.

முதலில் இது என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஏஜென்ட் என்பது, நாம் கேட்ட கேள்விக்குத் தானே வழி தேடி, வேண்டிய கருவிகளைக் கூப்பிட்டு, வந்த விடையைப் பார்த்து அடுத்த அடி எடுத்து வைக்கும் மொழி மாடல். அது வெளியே உள்ள கருவிகளோடு பேசுவதற்கு ஒரு பொது முறையாக ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டதுதான் எம்சிபி, அதாவது மாடல் கான்டெக்ஸ்ட் ப்ரோட்டோகால். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், என்ன உள்ளீடு வேண்டும் என்ற குறிப்பு. இந்த மூன்றையும் படித்துத்தான் ஏஜென்ட் எதைக் கூப்பிடுவது என்று தீர்மானிக்கிறது. போஸ்ட்கிரெஸ் எம்சிபி ப்ரோ, கிரிஸ்டல் டிபிஏ என்ற குழு பைத்தானில் எழுதித் திறந்த மூலமாக வெளியிட்டது. ஸ்கீமாக்களை (டேபிள்களின் தொகுப்புகளை) பட்டியலிட, ஒரு டேபிளின் விவரம் பார்க்க, டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லை ஓட்ட, அந்த மொழியில் எழுதிய கேள்வி, அதாவது க்வெரி, எப்படி ஓடும் என்று காட்டும் எக்ஸ்ப்ளெயின் பார்க்க, மெதுவாக ஓடும் க்வெரிகளைக் காட்ட, தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸைப் பரிந்துரைக்க, டேட்டாபேஸின் உடல்நிலையைச் சோதிக்க என்று மொத்தம் ஒன்பது கருவிகள் அதில் இருக்கின்றன. நாங்கள் தினமும் பயன்படுத்துவது முதல் மூன்று வேலைகளுக்குத்தான்.

நாங்கள் ஏன் இதற்கு வந்தோம் என்பதைச் சொன்னால்தான் நான் எதைப் பார்த்து மதிப்பிடுகிறேன் என்பது புரியும்.

இதற்கு முன்னால் எங்கள் அலுவலகத்திலேயே ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தோம். ஏஜென்ட் அனுப்பும் க்வெரியின் முதல் சொல், டேட்டாவைப் படிக்கச் சொல்லும் ‘செலக்ட்’ என்று இருந்தால் ஓட்டும், இல்லாவிட்டால் மறுக்கும். அதுதான் எங்கள் ‘படிக்க மட்டும்’. ஒரு நாள் காலையில் சர்வீஸ் டெஸ்க்கில் இருக்கும் அண்ணன் கேட்ட கேள்வி இவ்வளவுதான்: தொண்ணூறு நாளுக்கு மேல் யாரும் வந்து எடுக்காத மோட்டார் எத்தனை? ஏஜென்ட் ஸ்கீமாவைத் தேடிப் பார்த்தது. பழைய ஜாப் கார்டுகளை முடித்து வைக்கும் ஒரு ஃபங்ஷன் (டேட்டாபேஸுக்குள்ளேயே எழுதி வைத்த சிறு நிரல்) அதன் கண்ணில் பட்டது. அந்தப் பெயரைப் பார்த்ததும் எண்ணிக்கை அதிலேயே கிடைத்துவிடும் என்று நினைத்து, செலக்ட் போட்டு அதைக் கூப்பிட்டது. முதல் சொல் செலக்ட், எனவே ஸ்கிரிப்ட் தடுக்கவில்லை. ஃபங்ஷன் தன் வேலையைச் செய்தது. 312 ஜாப் கார்டுகள் முடிக்கப்பட்டன, அத்தனை பேருக்கும் ‘உங்கள் கணக்கு முடிக்கப்பட்டது’ என்று எஸ்எம்எஸ் போனது. பத்தரை மணிக்குக் காங்கேயம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் போன் செய்தார். “என்ற மோட்டார வித்துப்போட்டீங்களா கண்ணு?” என்று கேட்டார். கிணற்றில் தண்ணீர் இருந்தும் பாய்ச்ச முடியாமல், மோட்டாருக்குக் காசு சேர்த்துக்கொண்டிருந்த மனிதர். அவருக்கு என்ன பதில் சொல்வது என்று ஒரு நிமிடம் எனக்குத் தெரியவில்லை. முந்தின இரவு பேக்கப்பை வைத்து எல்லாவற்றையும் பழையபடி ஆக்குவதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. மன்னிப்புக் கேட்டு எஸ்எம்எஸ் எழுதியது நான்தான்.

எனவே ‘படிக்க மட்டும்’ என்று யாராவது சொன்னால், அதை யார் தடுக்கிறார்கள், எந்த இடத்தில் தடுக்கிறார்கள் என்றுதான் இப்போது நான் முதலில் கேட்பேன்.

இந்தக் கருவியில் ரெஸ்ட்ரிக்டெட், அன்ரெஸ்ட்ரிக்டெட் என்று இரண்டு நிலைகள் உண்டு. ரெஸ்ட்ரிக்டெட் நிலையில் அது மூன்று காரியம் செய்கிறது. வரும் க்வெரியை பிஜிலாஸ்ட் என்ற நூலகத்தைக் கொண்டு இலக்கணப்படி பிரித்துப் பார்க்கிறது. பிஜிலாஸ்டுக்குள் இருப்பது போஸ்ட்கிரெஸ் சர்வரிலிருந்தே எடுத்த பார்சர். அதனால் டேட்டாபேஸ் ஒரு வாக்கியத்தை எப்படிப் புரிந்துகொள்ளுமோ அதே மாதிரிதான் கருவியும் புரிந்துகொள்கிறது. முதல் சொல்லை மட்டும் பார்க்கும் எங்கள் பழைய ஸ்கிரிப்ட்டுக்கும் இதற்கும் இதுதான் பெரிய வித்தியாசம். அனுமதித்த வகை வாக்கியமா, உள்ளே கூப்பிடும் ஃபங்ஷன் அனுமதிப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் விடுகிறது. இரண்டாவது, படிக்க மட்டுமான டிரான்சாக்ஷனுக்குள் (வாக்கியங்களை ஒரே கட்டாகச் சேர்த்து ஓட்டும் முறை) வைத்து ஓட்டுகிறது. மூன்றாவது, 30 விநாடிக்கு மேல் எதையும் ஓட விடுவதில்லை. நிறுவிய அன்று நான் செய்த முதல் வேலை, சோதனை டேட்டாபேஸில் அந்தப் பழைய ஃபங்ஷனைக் கூப்பிடச் சொன்னதுதான். இந்த ஃபங்ஷனுக்கு அனுமதி இல்லை என்று பிழைச் செய்தி வந்தது. அதைப் பார்த்ததும் காங்கேயத்துப் பெரியவர் ஞாபகம்தான் வந்தது.

டிரான்சாக்ஷன் மட்டும் போதாதா என்று, டேட்டாபேஸைப் பராமரிக்கும் எங்கள் டிபிஏ தம்பியிடம் கேட்டேன். போதாது என்பதற்கு ஊரறிந்த உதாரணமே இருக்கிறது. எம்சிபி வந்த புதிதில் மாதிரிக்காக வெளியிட்ட ஒரு போஸ்ட்கிரெஸ் சர்வர் இருந்தது. அது ஒவ்வொரு க்வெரியையும் படிக்க மட்டுமான டிரான்சாக்ஷனுக்குள் வைத்து ஓட்டிவிட்டு, கடைசியில் ரோல்பேக் செய்யும், அதாவது நடந்த மாற்றத்தை ரத்து செய்துவிடும். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே அழைப்பில் அரைப்புள்ளி போட்டுப் பல வாக்கியங்களை அனுப்ப முடிந்தது. முதலில் ‘கமிட்’ (மாற்றத்தை உறுதிசெய்) என்று எழுதினால் அந்த டிரான்சாக்ஷன் அங்கேயே முடிந்துவிடும். அரைப்புள்ளிக்கு அப்புறம் வருவது எல்லாம் வெளியே, எழுதும் உரிமையோடு ஓடும். 2025இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் இதைச் செய்து காட்டினார்கள். கதவைப் பூட்டிவிட்டுச் சாவியைப் பூட்டிலேயே விட்ட மாதிரி. நான் விமர்சிக்கும் இந்தக் கருவியின் விளக்கப் பக்கமே இந்தச் சிக்கலை எடுத்துச் சொல்லி, கமிட், ரோல்பேக் உள்ள க்வெரிகளைப் பார்சர் கட்டத்திலேயே நிராகரிப்பதாக எழுதியிருக்கிறது. ஏன் இப்படிச் செய்தோம் என்று காரணத்தோடு எழுதும் ஆவணத்தைப் பார்த்தால் எனக்கு எப்போதுமே மரியாதை வரும். அதை எழுதியவர் படிக்கிறவரைப் பெரிய மனிதராக நடத்துகிறார்.

நிறுவுகிறவர்கள் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். எந்த நிலை என்று சொல்லாமல் விட்டால் கருவி அன்ரெஸ்ட்ரிக்டெட் நிலையில்தான் தொடங்கும். விளக்கப் பக்கத்தில் உள்ள மாதிரி அமைப்புகளும் அப்படியே. டெவலப்மென்ட் டேட்டாபேஸுக்கு அது, நிஜ டேட்டாவுக்கு ரெஸ்ட்ரிக்டெட் என்று அங்கேயே தெளிவாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் அவசரத்தில் மாதிரியை அப்படியே எடுத்து ஒட்டுகிறவர்கள்தான் நம்மில் அதிகம். எங்கள் உள் ஆவணத்தில் முதல் பக்கம், முதல் வரி இதுதான்: ‘ரெஸ்ட்ரிக்டெட் என்ற சொல் அமைப்பில் இருக்கிறதா என்று இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.’

அப்புறம் டேட்டாபேஸ் பக்கம். கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதற்குப் பின்னால் டேட்டாபேஸின் சொந்தப் பூட்டு இருந்தாக வேண்டும். இதில் எங்கள் தம்பி ரொம்பக் கறாராக இருந்தான். ஏஜென்டுக்கென்று தனி ரோல், அதாவது உரிமைகளை வரையறுத்த தனிக் கணக்கு. போஸ்ட்கிரெஸ் 14 முதல் ‘எல்லா டேட்டாவையும் படிக்கலாம்’ என்று ஒரு தயார் ரோல் உண்டு. அதைக் கொடுத்தால் ஒரே வரியில் வேலை முடியும், ஆனால் வாடிக்கையாளர் போன் நம்பர் வரைக்கும் தெரியும் என்பதால் வேண்டாம் என்றான். தனியாக ஒரு ஸ்கீமா, அதில் ஏழே ஏழு வியூ (டேபிளிலிருந்து வேண்டிய விவரத்தை மட்டும் எடுத்துக் காட்டுவது), அவற்றைச் செலக்ட் செய்ய மட்டும் உரிமை. போஸ்ட்கிரெஸில் வியூ சாதாரணமாக அதை உருவாக்கியவரின் உரிமையில் ஓடும் என்பதால், அடியில் இருக்கும் டேபிள்களை ஏஜென்ட் நேராகத் தொட வேண்டிய தேவையே இல்லை. ஃபங்ஷன் விஷயத்தில் எனக்கே ஒரு புது பாடம் கிடைத்தது. போஸ்ட்கிரெஸில் புதிதாக ஒரு ஃபங்ஷன் எழுதினால் அதைக் கூப்பிடும் உரிமை இயல்பாகவே எல்லோருக்கும் போய்விடும். நாமாகத்தான் திரும்ப வாங்க வேண்டும். அன்றைய விபத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

கடைசிப் பூட்டு, ஏஜென்டை மெயின் சர்வரில் விடாமல் அதன் நகலான ரெப்ளிகாவில் விட்டது. ஹாட் ஸ்டாண்ட்பையாக, அதாவது படிக்க மட்டும் விடும் நகலாக ஓடும் போஸ்ட்கிரெஸில் எந்த ரோலில் போனாலும் ஒரு வரிகூட மாற்ற முடியாது. வேறு பூட்டு எதற்கும் நேரமில்லை என்கிறவர்கள் இதையாவது செய்யுங்கள். ‘இயல்பாகவே படிக்க மட்டும்’ என்று ரோலுக்கு ஒரு செட்டிங் போடும் வழியும் உண்டு. ஆனால் அந்த ரோலில் நுழைந்தவரே அதை ஒரு செட் வாக்கியத்தில் மாற்றிக்கொள்ளலாம். அதைப் பூட்டாக நம்பக் கூடாது. எம்சிபியிலும் இதே மாதிரி ஒன்று இருக்கிறது. 2025 மார்ச் பதிப்பிலிருந்து ஒரு கருவி தன்னைப் ‘படிக்க மட்டும்’ என்று அடையாளப்படுத்திக்கொள்ளலாம். அது வெறும் குறிப்பு, நம்பகமில்லாத சர்வரிடமிருந்து வந்தால் நம்ப வேண்டாம் என்று நெறிமுறையே சொல்கிறது.

சரி, பாதுகாப்பு முடிந்தது. இனி என் பகுதிக்கு வருகிறேன்.

எஸ்க்யூஎல் ஓட்டும் கருவிக்கு ரெஸ்ட்ரிக்டெட் நிலையில் இருக்கும் விளக்கம் ஒரே ஒரு வரி. படிக்க மட்டுமான எஸ்க்யூஎல் க்வெரியை ஓட்டும் என்பதுதான் அதன் பொருள். பொதுவான கருவி என்பதால் அதற்கு மேல் அவர்களால் எழுத முடியாது. எங்கள் டேட்டாபேஸில் என்ன இருக்கிறதென்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? மீதியை நாம்தான் எழுத வேண்டும். முதல் வாரத்தில் நாங்கள் எதுவும் எழுதவில்லை. டேபிள் பெயரும் ஃபீல்டு பெயரும் இருக்கிறதே, மாடல்தான் புத்திசாலி ஆயிற்றே, பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டோம்.

அந்த வாரம் சர்வீஸ் டெஸ்க் அண்ணன் கேட்டார்: போன மாதம் ரீவைண்டிங் கூலி மட்டும் எவ்வளவு? ஏஜென்ட் ஒரு தொகையைச் சொன்னது. அழகான வாக்கியம், ஆயிரத்துக்குக் கமா போட்டு, கீழே கிளைவாரியாகப் பிரித்தும் கொடுத்தது. அண்ணன் திரையைப் பார்த்துவிட்டு, “இவ்வளவு வந்திருந்தா நாம இன்னொரு வைண்டிங் மெசினே வாங்கியிருக்கலாமுங்களே மேடம்” என்றார். அவர் கையில் ஒரு நோட்டு உண்டு. கம்ப்யூட்டர் வந்த பிறகும் கூலியை அதில் எழுதுவதை அவர் நிறுத்தவில்லை. இரண்டையும் ஒப்பிட்டால் ஏஜென்ட் சொன்னது இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது.

க்வெரியை எடுத்துப் பார்த்தேன். ஒரே ஒரு ஜாப் கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். 7.5 எச்பி சப்மெர்சிபிள், காயில் கருகி வந்தது. கூலி 2,400 ரூபாய். போட்ட உதிரி மூன்று: பேரிங், சீல், கேபிள். ஜாப் கார்டு டேபிளில் அது ஒரு வரி, உதிரி டேபிளில் மூன்று வரி. ரீவைண்டிங் வேலையைக் கண்டுபிடிக்க ஏஜென்ட் இரண்டு டேபிளையும் சேர்த்திருந்தது. சேர்த்ததும் 2,400 என்பது மூன்று முறை வந்து நிற்கிறது. கூட்டினால் 7,200. எஸ்க்யூஎல்லில் இலக்கணப் பிழை இல்லை. எந்தப் பூட்டும் இதைத் தடுக்காது, ஏனென்றால் இங்கே யாரும் எதையும் எழுதவில்லை, படிக்கத்தான் செய்தார்கள். டேட்டா பத்திரமாக இருந்தது. பதில் தப்பாக இருந்தது. அந்தத் தொகையை நம்பி முதலாளி மெஷினுக்கு முன்பணம் கொடுத்திருந்தால்?

அன்றைக்குத்தான் அகராதி எழுத ஆரம்பித்தேன். தனி ஃபைலாக எங்கோ வைக்காமல் டேட்டாபேஸுக்கு உள்ளேயே ஒரு டேபிளாக வைத்தேன். பெயரும் ‘அகராதி’தான், தமிழ் எழுத்திலேயே. போஸ்ட்கிரெஸ் இதை அனுமதிக்கிறது, மேற்கோள் குறிகூடப் போட வேண்டியதில்லை. பெயரின் நீளம் 63 பைட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது மட்டும் கணக்கு. யூனிகோடில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் எடுக்கும், புள்ளியும் துணைக்காலும் தனித்தனியாக எண்ணப்படும், எனவே 21 குறிகளுக்கு மேல் போக முடியாது. ‘அகராதி’க்கு ஆறு குறி, 18 பைட். ஏஜென்டின் நிலையான குறிப்பில் முதல் வரியாக ‘எந்தக் கேள்விக்கும் முன் அகராதியைப் படி’ என்று போட்டேன். கருவியில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. அகராதியைப் படிப்பதும் ஒரு செலக்ட்தானே. தினமும் தன் கண்ணெதிரே நடப்பதால் எங்கள் அண்ணனும் அதில் திருத்தம் சொல்ல ஆரம்பித்தார்.

ஏஜென்டுக்கு எழுதுவது மனிதருக்கு எழுதுவதிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்பதை இந்தக் கூலிக் கதையிலேயே கற்றுக்கொண்டேன். முதலில் நான் எழுதியது: ‘ஒரு ஜாப் கார்டுக்குப் பல உதிரி வரிகள் இருக்கலாம்.’ உண்மைதான். மனிதருக்கு இது போதும், கூட்டும்போது தானே ஜாக்கிரதையாக இருப்பார். ஏஜென்ட் சில சமயம் கவனித்தது, சில சமயம் விட்டது. பிறகு மாற்றி எழுதினேன்: ‘கூலியைக் கூட்டும் க்வெரியில் உதிரி வியூவைச் சேர்க்காதே. இரண்டும் வேண்டுமென்றால் உதிரியை முதலில் ஜாப் கார்டு எண்வாரியாகக் கூட்டி ஒரு வரியாக்கு, அதன் பிறகு சேர்.’ அதற்குக் கீழே சரியான க்வெரி ஒன்றையும் வைத்தேன். அப்புறம் அந்தத் தப்பு வரவே இல்லை. உண்மையைச் சொல்வதோடு, அந்த இடத்தில் கை என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. புது மெக்கானிக்கிடம் ‘காயில் ஈரமாக இருக்கலாம்’ என்று சொல்வதற்கும் ‘வார்னிஷ் காய்ந்ததா என்று பார்த்துவிட்டுச் சப்ளை கொடு’ என்று சொல்வதற்கும் உள்ள தூரம்தான்.

இன்னொன்று, புதிதாக வந்த ஊழியர் புரியாவிட்டால் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்ப்பார், தயங்கித் தயங்கியாவது கேட்பார். ஏஜென்ட் பெரும்பாலும் கேட்பதில்லை, இருப்பதில் பொருத்தமாகத் தோன்றுவதை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. எங்கள் ஜாப் கார்டில் நிலையைக் காட்ட 1 முதல் 7 வரை எண்கள். 4 என்றால் வேலை முடிந்தது, வாடிக்கையாளர் இன்னும் எடுக்கவில்லை. 5 என்றால் எடுத்துப் போய்விட்டார். ஏஜென்ட் 7தான் கடைசி, எனவே 7தான் ‘முடிந்தது’ என்று வைத்துக்கொண்டது. எங்களிடம் 7 என்பது சரிசெய்ய முடியாது என்று திருப்பிக் கொடுத்தது. எனவே முடித்த வேலை எத்தனை என்று கேட்டால் கைவிட்ட வேலைகளை எண்ணிச் சொன்னது. இதே மாதிரி ‘இந்த வருஷம்’ என்று எங்கள் ஆட்கள் சொன்னால் ஏப்ரலில் தொடங்குவது, ஜனவரியில் அல்ல. ரத்து செய்த ஜாப் கார்டு டேபிளிலிருந்து போகாது, பக்கத்தில் ஒரு ‘ஒய்’ மட்டும் விழும். பொள்ளாச்சியை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதி வைத்திருக்கிறார்கள். இவை எதுவும் ஸ்கீமாவில் தெரியாது. எல்லாமே ஆட்களின் தலைக்குள் இருந்தது. அகராதியில் இப்போது 118 வரிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ ஒருவர் டீக்கடையிலோ போனிலோ எனக்கு விளக்கிச் சொன்ன ஐந்து நிமிடம் இருக்கிறது.

பிழைச் செய்தியும் ஆவணம்தான் என்பதையும் இந்த மாதங்களில்தான் உணர்ந்தேன். ஃபீல்டு பெயரில் ஒரு எழுத்து தப்பாகப் போட்டால் போஸ்ட்கிரெஸ் ‘இந்த ஃபீல்டைச் சொல்ல வந்தீர்களா?’ என்று ஒரு குறிப்புத் தரும். மனிதர்கள் அதைப் படிப்பதே அபூர்வம். ஏஜென்ட் அதை வரி விடாமல் படித்து, அடுத்த முயற்சியிலேயே சரிசெய்துகொள்கிறது. அதைப் பார்த்துவிட்டு, எங்கள் மென்பொருளிலும் ‘ஏதோ தவறு நேர்ந்தது’ என்று நான் வருடக்கணக்கில் விட்டு வைத்திருந்த செய்திகளை எல்லாம் உட்கார்ந்து மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எப்படிச் சோதித்தேன் என்பதையும் சொல்கிறேன், மற்றவர்களுக்கு உதவும். அண்ணனின் நோட்டிலிருந்து விடை தெரிந்த இருபது கேள்விகளை எடுத்தேன். அவர் கேட்கிற மாதிரியே, அதே சொற்களில். ‘உடுமலைப் பக்கம் போர் மோட்டார் எத்தனை வந்துச்சு’ என்றால் அப்படியேதான். அகராதி இல்லாமல் 9 சரியாக வந்தது. அகராதியோடு 18. மீதி இரண்டில் ஒன்றுக்கு நோட்டிலேயே கூட்டல் தப்பு என்று பிறகு தெரிந்தது, அண்ணன் சிரித்துக்கொண்டே அடித்துத் திருத்தினார். அகராதியில் எந்த வரியை மாற்றினாலும் இந்த இருபதையும் மறுபடி ஓட்டிப் பார்க்கிறேன். ஒரு வரியைத் தெளிவாக்கப் போய் வேறொன்று கெட்டுப்போனதும் இரண்டு முறை நடந்திருக்கிறது.

படிக்க மட்டும் என்பது ரகசியத்தைக் காப்பாற்றாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஏஜென்ட் படித்தது அத்தனையும் மாடலுக்குப் போகிறது, அங்கிருந்து கேட்டவரின் திரைக்கு வருகிறது. 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் படித்துவிட்டுத்தான் வியூவில் எதை விடுவது, எதை மறைப்பது என்று முடிவு செய்தோம். போன் நம்பரில் கடைசி நான்கு இலக்கம் மட்டும், பெயர் கிடையாது, ஊர் உண்டு. வாடிக்கையாளர் புகாரை அவரே டைப் செய்யும் ஒரு பெட்டி இருக்கிறது. அதை வியூவிலிருந்து முழுவதுமாக எடுத்துவிட்டோம். யாரோ ஒருவர் அதில் ஏஜென்டுக்குக் கட்டளை மாதிரி ஒரு வாக்கியத்தை எழுதி வைத்தால், ஏஜென்ட் அதையும் படித்து அதன்படி நடக்கப் பார்க்கலாம். இது கற்பனைப் பயம் இல்லை, இந்தத் துறையில் எல்லோரும் பேசும் ஆபத்து. புகார் வகைகளை மட்டும் எண்ணாக மாற்றிக் கொடுத்திருக்கிறோம்.

மற்றக் கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. உடல்நிலைச் சோதனை எங்கள் தம்பிக்கு ரொம்பப் பிடித்தது, ஒரே மாதிரியான இரண்டு இண்டெக்ஸ்கள் சும்மா கிடந்ததை அதில்தான் கண்டுபிடித்தான். இண்டெக்ஸ் பரிந்துரைக்கு ஹைபோபிஜி என்ற எக்ஸ்டென்ஷன் வேண்டும், அதை நாங்கள் போடவில்லை, எனவே மதிப்பிடவில்லை. ஸ்கீமா விவரங்களையும் கருவிகள் வழியாகவே தருவது நல்ல முடிவு. எம்சிபியில் அதற்கு ரிசோர்ஸ் என்று தனி வழி இருந்தாலும், கருவியைக் கூப்பிடும் வசதிதான் பரவலாக எல்லா ஏஜென்டிலும் இருக்கிறது.

யாருக்கு இது பொருந்தும்? போஸ்ட்கிரெஸ் வைத்திருக்கிறவர்கள், ரோலும் வியூவும் எழுதத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கிறவர்கள், தங்கள் டேட்டாவைப் பற்றி உட்கார்ந்து எழுத ஒரு மாதம் ஒதுக்க முடிகிறவர்கள் தாராளமாக எடுக்கலாம். கருவிக்குக் காசு கிடையாது. மாடலுக்கு ஆகும் செலவு தனி, அகராதி நீள நீள அதுவும் கொஞ்சம் ஏறும், எனவே வேண்டாத வரிகளை மாதம் ஒருமுறை எடுத்துவிடுகிறேன். நிறுவிய உடனே கேள்வி கேட்டுப் பதிலை நம்ப வேண்டும் என்று நினைக்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். கருவி உங்களை ஏமாற்றாது, ஆனால் உங்கள் ஃபீல்டு பெயர்கள் ஏமாற்றும்.

போன வாரம் வாரண்டி ஃபீல்டில் ‘பி’ என்று ஒரு எழுத்து மாட்டியது. 2011க்கு முந்தைய ஜாப் கார்டுகளில் மட்டும் வருகிறது. ஏஜென்ட் அதைப் ‘பெய்டு’ என்று எடுத்துக்கொண்டது. நான் ‘பெண்டிங்’ என்று நினைத்தேன். தம்பி ‘பார்ஷியல்’ என்று அடித்துச் சொன்னான். கடைசியில் அந்தக் காலத்தில் ஸ்டோர்ஸ் பார்த்து ஓய்வு பெற்ற ஐயாவை ஞாயிற்றுக்கிழமை வீட்டில் போய்ப் பார்த்தேன். மோர் கொடுத்தார். கேள்வியைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “அது பொள்ளாச்சிங்க அம்மா” என்றார். அந்தக் கிளையில் தென்னந்தோப்புக்காரர்களுக்கு முதல் வருடம் கூலி வாங்குவதில்லை என்று ஒரு ஏற்பாடு இருந்ததாம், அதற்குப் போட்ட அடையாளமாம். திங்கட்கிழமை காலை முதல் வேலையாக 119ஆவது வரியாக அதை எழுதிவிட்டு, இருபது கேள்விகளையும் மறுபடி ஓட்டினேன்.